மார்கழிக் காற்றும் சுழல் எஞ்சினும்

நுங்கம்பாக்கம் வானிலைப் பதிவேட்டின் இரு எல்லைகளாக 1905 ஜனவரியின் 13.9 பாகைக் குளிரும் 2003 மே மாதத்தின் 45 பாகை வெயிலும் நிற்கின்றன. அழுத்தம் மாறாதபோது காற்றின் அடர்த்தி தனி வெப்பநிலைக்கு, அதாவது மைனஸ் 273 பாகையிலிருந்து எண்ணப்படும் வெப்பநிலைக்கு, எதிர்விகிதத்தில் அமைவதால், அக்குளிரில் ஒரு கன மீட்டர் காற்று அவ்வெயிலில் இருப்பதைவிட நூற்றுக்கு 11 பங்கு கனமானது. எரிபொருளை எரிக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்ப மிகுதி.

சிறு விமானங்களிலும் ஆளில்லா விமானங்களிலும் இடம்பெறும் வாங்கல் எஞ்சினில் ஏறியிறங்கும் பிஸ்டன் கிடையாது. பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று, இடுப்பு ஒடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள் சுழன்று, உறிஞ்சுதல், அமுக்குதல், எரித்தல், வெளியேற்றுதல் ஆகிய நான்கையும் கூட்டின் வெவ்வேறு இடங்களில் நடத்துகிறது. இந்தியாவில் உருவான இத்தகைய 55 குதிரைத்திறன் எஞ்சினுடன் ‘நிஷாந்த்’ ஆளில்லா விமானம் 2009 ஏப்ரலில் கோலாரில் பறந்தது. கோலார் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் இருப்பதால், சென்னையின் கடுங்குளிருக்கும் கடும்வெயிலுக்கும் இடையே உள்ள அடர்த்தி வேறுபாட்டில் பெரும்பகுதியை அந்த மேடே விழுங்கிவிடுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

அடர்த்தி 11 பங்கு கூடினால் திறனும் அவ்வளவு கூடும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால், எஞ்சினுக்குள் நுழையும் குளிர்காற்று சூடான உலோகத்தைத் தொட்டதும் தன் குளிர்ச்சியில் ஒரு பங்கை இழப்பதால், திறன் தனி வெப்பநிலையின் வர்க்கமூலத்தையொட்டியே மாறும் என்பது சோதனைக்கூடங்கள் நெடுங்காலமாகக் கையாளும் விதி. அதன்படி ஆதாயம் ஏறத்தாழ 5 பங்குதான். வாங்கல் எஞ்சினில் உறிஞ்சும் பகுதியின் கூட்டுச்சுவரை நெருப்பு தீண்டுவதில்லை எனினும், எரிப்பறையைக் கடந்து வரும் சுழலி அந்தச் சூட்டைச் சுமந்தே வருகிறது. காற்று கனக்கும்போது பெட்ரோலும் உடன் கூட்டப்படாவிடில் கலவை மெலிந்து, அந்த ஆதாயமும் கைகூடாது.

சென்னையின் தனிச்சிக்கல் ஈரம். நீராவி, தான் நிறைக்கும் இடத்திலிருந்து ஆக்சிஜனை வெளியேற்றிவிடுகிறது. கடற்கரைப் புழுக்கத்தில் இந்த இழப்பு நூற்றுக்கு 3 பங்கைத் தொடும். மார்கழியில் நீராவி குறைவு என்றாலும், மயிலாப்பூர் மாடவீதிகளில் பஜனை புறப்படும் வேளையில் காற்று ஏறக்குறைய நீர்ச்செறிவுற்றிருக்கும். அத்தகைய 20 பாகைக் காற்று, பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் விரைந்து பாயும்போது, பெட்ரோல் ஆவியாவதாலும் அழுத்தம் தாழ்வதாலும் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்துவிடக்கூடும். உறைபனியையே காணாத ஊரில் எஞ்சினின் தொண்டையில் பனிக்கட்டி படிந்து காற்றுவழி அடைபடும். அதைக் கரைக்க, எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றை விமானி சூடாக்குகிறார், குளிர் தந்த திறன் முழுவதையும் இழந்து.