அவசரநிலை முடிந்தது, இடைவெளி?

2020 சனவரி 30 அன்று அறிவித்த கொரோனா அவசரநிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று முடித்துக்கொண்டது. அந்த மூன்றாண்டுகளை நாம் எவ்வாறு நினைவுகூர்வது?

ஊரடங்கு நமக்குத் தந்த சொல் 'சமூக இடைவெளி'. கிருமி பரவாதிருக்க உடல்கள் விலகி நின்றால் போதும். சமூகங்கள் விலக வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் 'உடல் இடைவெளி' என்னும் சொல்லுக்கு மாறியது. இங்கோ பழைய சொல்லே நிலைத்தது. ஊரையும் சேரியையும் பிரித்தே வைத்திருக்கும் நாட்டில் அது பெரும்பான்மையோரை உறுத்தவில்லை.

அந்த இடைவெளியும் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. தூய்மைப் பணியாளர்களுள் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். நோயுற்றோர் வீட்டுக் குப்பையை அள்ளியவை அவர்களின் கைகளே. 2020 மார்ச் 22 அன்று நாடு மருத்துவர்களுக்கும் அவர்களுக்குமாகக் கைதட்டியது. ஆனால், ஒப்பந்தமுறையும் குறைந்த கூலியும் இன்றும் தொடர்கின்றன.

அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதனைத் தொழிலின் வழியே மீட்டெடுப்பதே இம்முறை. பணி நிரந்தரம், பாதுகாப்புக் கருவிகள், பணியில் இறந்தோர் குடும்பத்துக்கு முழு இழப்பீடு ஆகியவற்றைப் பெறும்வரை நமக்கு இது முடிந்த கதையன்று.