புறாத்தீவுக் கடலுக்கடியில்

கரையோரத்தில் பிறந்த பெண்களுக்குக் கடல் புதிதல்ல. வலை பொத்துவதும், மீன் தரம்பிரிப்பதும், கருவாடு போடுவதும் பெரும்பாலும் பெண்களின் கைகளால்தான் நடக்கின்றன. ஆனாலும் கடலுக்குள் இறங்குவது ஆண்களின் காரியம் என்று சொல்லியே நாம் வளர்க்கப்பட்டோம். யுத்த காலத்துத் தடைகள் கடலை எங்களிடமிருந்து இன்னும் தள்ளி வைத்தன. 2004 டிசம்பர் 26 இல் வந்த சுனாமிக்குப் பிறகு பல தாய்மார் கரைக்குப் போவதையே விட்டுவிட்டார்கள்.

நான் பணியாற்றும் கிராமத்து மகளிர் சங்கத்தில் ஆண்டுக்கொரு முறை சுற்றுலா போவது வழக்கம். அநேகமாகக் கோயில்களுக்குத்தான் போவோம். கடந்த ஆனி மாதம் இளம் அங்கத்தவர்கள் சிலர் "இந்த முறை புறாத்தீவுக்குப் போவம் மிஸ்" என்று கேட்டார்கள். பன்னிரண்டு பேர் புறப்பட்டோம். அவர்களில் எட்டுப்பேர் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள்.

தீவின் கதை

திருகோணமலை நகருக்கு வடக்கே நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு இருக்கிறது. பெரியது ஒன்றும் சிறியது ஒன்றுமாக இரண்டு தீவுகள். பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் இந்தப் பெயர் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இது துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்பட்ட இடம். 1963 இல் சரணாலயமாகவும், 2003 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. சுற்றியுள்ள கடலும் சேர்ந்து பூங்காவின் பரப்பு சுமார் 471 ஹெக்டெயர். யுத்தம் 2009 இல் முடிந்த பின்னரே பயணிகள் பெருந்தொகையாக வரத் தொடங்கினார்கள்.

தீவின் கரையில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடப்பவை உடைந்து ஒதுங்கிய முருகைக்கற்கள். முருகைக்கல்லை நாம் கல் என்றுதான் நினைக்கிறோம். சுண்ணாம்புக்கு எரித்தும் வந்திருக்கிறோம். உண்மையில் அது கடுகளவான உயிரினங்கள் கூட்டமாக வாழ்ந்து கட்டும் வீடு. சில வகைகள் ஒரு வருடத்தில் ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். ஒருவர் மிதித்து ஒரு நொடியில் உடைக்கும் துண்டு பல வருட உழைப்பு. புறாத்தீவைச் சுற்றி ஏறத்தாழ நூறு வகை முருகைகளும் முந்நூறு வகை மீன்களும் உண்டு. கடலாமைகளும் வந்துபோகின்றன.

முகக்கண்ணாடியும் சுவாசக் குழாயும் அணிந்து, உயிர்காப்பு அங்கியோடு குப்புற மிதந்தாலே இவற்றில் பலவற்றைப் பார்க்கலாம். முதலில் இறங்கியவர்கள் இளம் பெண்கள்தான். "ஐயோ அக்கா, நீலக்கலரில மீன்!" என்று ஒருத்தி குழாயை எடுத்துவிட்டுக் கத்தியதில் மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. செட்டை நுனி கறுத்த சுறாக்கள் இரண்டு அருகால் போயின. பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுப்பது நம் வழக்கம். சட்டியில் பார்த்த சுறாவைத் தண்ணீரில் பார்ப்பது வேறு அனுபவம். இந்த வகை ஆளைக் கண்டால் விலகிப் போகும். முட்டையிடாமல் குட்டி போடும்.

அடியில் இறங்கியபோது

பயிற்றுநர் ஒருவரோடு சுழியோடும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முதுகில் மாட்டும் சிலிண்டரில் இருப்பது ஒட்சிசன் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் சுவாசிக்கும் அதே காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்கள். இறங்க இறங்க நீரின் அழுத்தம் கூடும். பத்து மீற்றரில் அது மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. காது வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. மேலே வரும்போது மெதுவாக வரவேண்டும். அவசரமாக வந்தால் நுரையீரலுக்கு ஆபத்து. பெருவிரலை உயர்த்தினால் "மேலே போவோம்" என்று அர்த்தம்.

ஆறு மீற்றர் ஆழத்தில் என் மூச்சுச் சத்தம் மட்டுமே கேட்டது. ஓர் ஆமை முருகைக்கல்லின் ஓரத்தில் எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. அவசரப்படாமல் மூச்சு விடுவதுதான் அங்கே முதற்பாடம்.

கரைக்கு வந்தபோது ஐம்பது வயதுள்ள ஓர் அக்கா நிழலில் தனியே இருந்தார். சுனாமியில் மகளையும், பின்னர் யுத்தத்தில் கணவனையும் இழந்தவர். இருபது வருடமாகக் கடலில் கால் வைக்காதவர். "கல்லை மிதிக்கக்கூடாதெண்டு போட் போட்டு, காவலும் வைச்சிருக்கினம். நல்லதுதான் பிள்ளை. எங்களை மிதிக்கக்க ஒரு போட்டும் இருக்கேல்லையே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அருகே அமர்ந்தேன். நெடுநேரத்தின் பின் அவர் எழுந்து முழங்கால் அளவு நீர் வரை போய் நின்றார். அவரை யாரும் அழைக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. அப்படி விட்டதுதான் சரி என்று நினைக்கிறேன்.

நீச்சல் ஆடம்பரமல்ல

சுனாமியில் பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்தார்கள் என்பதைப் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், சேலை காலைத் தடுத்ததும், நீந்தத் தெரியாததும் காரணங்களில் சில. ஆண்பிள்ளைகள் விளையாட்டாகவே பழகிக்கொள்ளும் நீச்சலைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் மறுப்பதில் நியாயம் இல்லை. எங்கள் பன்னிரண்டு பேரில் நீந்தத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் எல்லோரும் வாழ்கிறார்கள்!

தென்கொரியாவின் ஜெஜு தீவில் பெண்கள் சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி முக்குளித்துச் சிப்பியும் கடற்பாசியும் எடுத்துத் தலைமுறைகளாகக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். 2016 இல் யுனெஸ்கோ அவர்களின் மரபை உலகப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பெண்ணின் உடலுக்குக் கடல் ஒவ்வாது என்பவர்களுக்கு இது போதுமான பதில்.

வருமானம் யாருக்கு?

பூங்கா எல்லைக்குள் மீன்பிடிக்க முடியாது. தொழிலிடம் குறைந்த குடும்பங்களுக்குச் சுற்றுலா வருமானமாவது கிடைக்க வேண்டும். நாங்கள் போன நாளில் படகோட்டிகளிலோ வழிகாட்டிகளிலோ ஒரு பெண்ணைக்கூட நான் காணவில்லை. உணவுக்கடை, தங்குமிடம், வழிகாட்டல் எல்லாவற்றிலும் பெண்களுக்கு இடம் உண்டு. சங்கமாகச் சேர்ந்து பிரதேச செயலகத்தில் கேட்டால் குரல் எடுபடும். முருகைக்கல் அழிந்தால் அந்த வருமானமும் போய்விடும். 2016 இல் கடல் சூடேறியபோது கற்பிட்டிப் பக்கத்து முருகைகள் பெருமளவில் வெளிறி இறந்தன. டைனமைட் வெடித்து மீன்பிடிப்பதும் அதே நாசத்தைச் செய்கிறது.

போக விரும்பும் சகோதரிகளுக்கு

வைகாசி முதல் ஆவணி வரை கடல் அமைதியாக இருக்கும். மாரிகாலத்தில் போக வேண்டாம். நுழைவுச்சீட்டை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் பெறலாம். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். கர்ப்பிணிகள் சுழியோடக் கூடாது. ஆஸ்துமா, வலிப்பு, இருதய நோய், காது நோய் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும். முருகைக்கல்லின் மேல் நிற்கவோ துண்டு எடுத்து வரவோ வேண்டாம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் கடனும் சேமிப்பும் பேசி முடிந்ததும் ஒரு கேள்வியை முன்வையுங்கள்: நம் ஊரில் நீந்தத் தெரிந்த பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? விடை ஒற்றை இலக்கமாக இருந்தால், அந்த வருடத்து வேலைத்திட்டத்தில் முதலாவதாக எதை எழுத வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.