வால்வின் கால் துடைத்தவர்

1991 ஏப்ரல் 14. அண்ணல் அம்பேத்கரின் நூற்றாண்டு. அப்போது திருச்சி மாவட்டமாக இருந்த அரியலூர்ப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஊர்த்தெரு மைக் செட்காரர் சேரிக்குக் குழாய் கட்ட வரமாட்டார். முன்பணம் கொடுத்தாலும், "அன்னைக்கு வேற வேலை இருக்கு" என்பார். வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, பழைய வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றை வாங்கி வந்தார் மாமா.

மாலையில் போட்டதும் கரகரவென்று இரைச்சல்தான் வந்தது. "இவனுங்களுக்கு எதுக்குடா மைக் செட்டு?" என்ற சிரிப்பு காதில் விழுந்தது. மாமா பதறவில்லை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, வால்வுகள் ஆறும்வரை காத்திருந்தார்.

வால்வு என்பது உள்ளே காற்றில்லாத கண்ணாடிக் குழாய். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் ஒருகாலத்தில் இவற்றைத் தயாரித்தது. இ.எல். 34 வால்வுக்கு எட்டுக் கால், இ.சி.சி. 83-க்கு ஒன்பது. எங்கள் பகுதி சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் பூமி. தூசியும் ஈரமும் சேர்ந்தால் கால்கள் கறுத்துப்போகும். மின்சாரம் விட்டுவிட்டுப் பாயும். அதுதான் கரகரப்பு. வால்வை அடக்கிவைக்கும் கிரிட் காலில் தொடர்பு விட்டுப்போனால், உள்ளே இருக்கும் தகடு செந்தணலாய்ச் சிவந்து வால்வே போய்விடும்.

"கண்ணாடியப் புடிக்காத தம்பி, அடியப் புடி" என்றார் மாமா. நேராக மேலே இழுத்தார். எது எந்தச் சாக்கெட்டிலிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டார். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒவ்வொரு காலையும் துடைத்தார். உப்புத்தாள் வைக்கவே இல்லை. தேய்த்தால் மேல்பூச்சு போய், முன்னைவிட வேகமாகக் கறுக்கும். நன்றாக உலரவிட்டு, வளைந்த கால்களை நிமிர்த்தி, அதனதன் இடத்தில் பொருத்தினார்.

செய்துபார்க்க நினைக்கும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல்கூடத் தங்கியிருக்கலாம். தெரிந்த மெக்கானிக் அதை இறக்கித் தராமல் சாக்கெட்டுக்குள் விரலோ கம்பியோ விடாதீர்கள். இன்றும் கிட்டார் ஆம்ப்ளிபயர்களில் வால்வு இருக்கிறது; இந்தக் கைவேலைக்கு மதிப்பும் இருக்கிறது.

அன்றிரவு அண்ணலின் பெயர் ஊர்த்தெருவரை கேட்டது.

அடுத்த ஆண்டு அதே மைக் செட்காரர், தன் வால்வுகளைத் துணியில் பொதிந்துகொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். மாமா பாயை விரித்து உட்காரச் சொன்னார். அவர் நின்றுகொண்டே இருந்தார். மாமா உட்கார்ந்துதான் துடைத்தார்.