தினம் ஒரு பகுதி: வேதத்தை அசைபோட்டு வாசித்தல்

வீட்டை விட்டு வெளிக்கிடும்போது கையில் எதை எடுத்தீர்கள் என்று இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பங்கீட்டு அட்டை, மாற்று உடுப்பு. கிறிஸ்தவ வீடுகளில் இவற்றோடு ஒரு வேதாகமமும் சேர்ந்திருக்கும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களில் பலரின் பைகளில் உறுதியும் வேதமும் ஒன்றாகவே இருந்தன. 2009இல் வன்னியிலிருந்து வந்தவர்களில் பலருக்கு அந்தப் பையும் மிஞ்சவில்லை.

உறுதியைப் பத்திரமாக மடித்து வைக்கிறோம். தேவைப்படும் நாளில் மட்டும் அது வெளியே வரும். வேதாகமத்தையும் அப்படியே வைத்துவிட்டோமா என்பதுதான் இங்கே எழும் கேள்வி. துன்பம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, கண்ணில் பட்ட வசனத்தைச் சாத்திரம் பார்ப்பதுபோல எடுத்துக்கொள்வோரும் எம்மிடையே உண்டு. ஆறுதலைத் தேடுவது தவறல்ல. ஆனால் ஒரு நாள் மழையில் பயிர் விளைவதில்லை. நாளாந்தம் சிறிது சிறிதாக நீர் இறைத்தால்தான் வேர் ஆழமாகப் போகும்.

ஒரு வசனமும் முழுக் கடிதமும்

புதுவருட வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி காணப்படுவது எரேமியா 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம். கடவுள் தம் மக்களுக்குத் தீமையை அல்ல, நன்மையையே நினைக்கிறார் என்பது அதன் கருத்து. அந்த அட்டையைத் தறப்பாள் கொட்டிலின் கம்பத்தில் குத்தி வைத்தவர்கள் பலர். வசனம் உண்மையானது. ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுப்பகுதி. கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதாவது, இடம்பெயர்ந்தவர்களுக்கு எழுதப்பட்டது.

முந்திய அதிகாரத்தை வாசித்தால், அனனியா என்ற ஒருவன் இரண்டு ஆண்டுகளுக்குள் எல்லாரும் ஊர் திரும்புவார்கள் என்று மக்கள் முன் அறிவித்ததைக் காண்போம். எரேமியா அதற்கு முதலில் ஆமென் என்றுதான் சொன்னார். அவருக்கும் அதே ஆசை இருந்தது. ஆனால் அது கடவுள் தந்த வார்த்தையல்ல. கடிதத்தின் 10ஆம் வசனம் சொல்வது எழுபது ஆண்டுகள். அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் வைத்து அதன் பலனை உண்ணுங்கள், நீங்கள் இருக்கும் நகரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்பதே எரேமியாவின் அறிவுரை.

இதைக் கேட்ட ஒரு தோட்டக்காரரின் மனதில் என்ன எழும்? மற்றவனுடைய காணியில் முருங்கைத் தடி ஊன்றினால், சொந்த ஊரைக் கைவிட்டதாகாதா? முகாமிலோ உறவினர் வளவிலோ வாழ்ந்த பலரின் உள்ளத்தை அரித்த கேள்வி இது. சொந்தக் காணிக்கு இன்னும் திரும்ப முடியாதவர்களை இன்றும் அது விடவில்லை.

பதில் 32ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கி.மு. 587 அளவில், எருசலேமைப் பாபிலோன் படை சூழ்ந்திருந்தது. எரேமியா காவலில் இருந்தார். அந்த நேரத்தில், தமது ஊரான ஆனதோத்திலிருந்த ஒரு வயலைத் தம் தகப்பனாரின் சகோதரருடைய மகன் அனாமெயேலிடமிருந்து 17 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினார். சாட்சிகள் கையொப்பமிட்டனர். முத்திரையிட்ட உறுதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. நெடுநாள் இருக்கும்படி இரண்டையும் மண்பானையில் வைக்குமாறு பாருக்கிடம் சொன்னார்.

இருக்கும் இடத்தில் தோட்டம் வையுங்கள் என்று எழுதியவரும், போக முடியாத ஊரில் வயல் வாங்கியவரும் ஒருவரே. இங்கே நடுவது அங்கே உள்ளதைக் கைவிடுவதல்ல. இந்த இரண்டையும் சேர்த்துக் காண்பவர் அட்டையில் ஒரு வசனத்தை மட்டும் வாசித்தவர் அல்ல. நாள்தோறும் தொடர்ந்து வாசித்தவரே.

வாசிக்கும் முறை

12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த குயிகோ என்னும் துறவி, வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், கடவுள் முன் அமைதியாக இருத்தல் என நான்கு படிகளைக் கூறினார். எங்கள் வீடுகளுக்கு ஏற்ற விதத்தில் இவ்வாறு செய்யலாம்.

1. பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். விளக்கு வைக்கும் நேரம் பல குடும்பங்களுக்கு வசதியானது. 1990களில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்திலும் பிள்ளைகள் படித்தார்கள்; வசதி குறைவு இதற்குத் தடையல்ல. வாசிக்கத் தெரிந்த பிள்ளை உரத்து வாசிக்கட்டும். எழுத்தறியாத ஆச்சியும் கேட்டுத் தியானிக்கலாம்.

2. பத்துப் பதினைந்து வசனங்கள் போதும். இரண்டு முறை, ஆறுதலாக வாசியுங்கள்.

3. மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னார்? கடவுளைப் பற்றி இது என்ன காட்டுகிறது? இன்று எனக்கு என்ன சொல்கிறது? முதற் கேள்வியைத் தாண்டி மூன்றாவதற்கு ஓடவேண்டாம். எழுபது ஆண்டு என்பது எங்களுக்குக் குறித்த தவணையல்ல. ஆனதோத்தின் உறுதி எங்கள் காணி விடுபடும் திகதியையும் சொல்லவில்லை. கடவுள் எப்படிப்பட்டவர் என்பதையே அவை காட்டுகின்றன.

4. அசைபோடுங்கள். மாடு மேய்ந்தபின் நிழலில் படுத்து அசைபோடுகிறது. அதுபோல மனதில் தங்கிய ஒரு சொல்லைத் தண்ணீர் அள்ளும்போதும் களை பிடுங்கும்போதும் திரும்ப நினையுங்கள்.

5. உள்ளதை உள்ளபடி சொல்லி ஜெபியுங்கள். வயலை வாங்கிய பின் எரேமியாவே, நகரம் பகைவர் கையில் விழுகிறதே, என்னை ஏன் வயல் வாங்கச் சொன்னீர் என்ற கருத்தில் கடவுளிடம் முறையிட்டார். கேள்வி கேட்பது அவிசுவாசமல்ல.

6. ஒரு கொப்பியில் திகதியையும் அதிகாரத்தையும் ஒரு வரியையும் எழுதுங்கள். அதன் கீழ் அன்று செய்யவேண்டிய ஒரு செயலைக் குறியுங்கள். அது சிறிதாக இருக்கட்டும். கோபித்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரருடன் கதைப்பது. ஒரு கன்று நடுவது. உறுதியின் பிரதி எடுப்பது. நொத்தாரிசு முடித்த உறுதி தொலைந்திருந்தால், அது பதியப்பட்ட காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். வேத வாசிப்பு இப்படியான வேலைகளுக்கும் எங்களை எழுப்பவேண்டும்.

ஒரு வாரத்துக்கான பகுதிகள்

திங்கள்: சங்கீதம் 137
செவ்வாய்: எரேமியா 28
புதன்: எரேமியா 29:1-14
வியாழன்: எரேமியா 32:1-15
வெள்ளி: எரேமியா 32:16-25
சனி: எரேமியா 32:36-44
ஞாயிறு: சங்கீதம் 126

திங்கட்கிழமைப் பகுதியின் கடைசி வசனங்கள் கடுமையானவை. வீட்டையும் பிள்ளைகளையும் இழந்தவர்களின் பழியுணர்வு அங்கே மறைக்காமல் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றை ஒதுக்கிவிடவேண்டாம். எங்களுக்குள்ளும் அந்தக் கோபம் இருந்தால், அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் கடவுள் முன் வைப்போம். அதே மக்களிடம்தான், தங்களைச் சிறைப்பிடித்தவர்களின் நகருக்காக ஜெபிக்கும்படி புதன்கிழமைப் பகுதி கேட்கிறது. அந்த இரண்டு பகுதிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு வாரத்தில் நடந்து முடிக்க முடியாது. பல ஆண்டுகள் எடுக்கலாம். ஆவிக்குரிய வளர்ச்சி என்பது அந்த நடைதான்.

வளர்கிறோமா என்று நாள்தோறும் அளந்து பார்க்கவேண்டாம். விதையைக் கிளறிப் பார்த்தால் முளை கெட்டுவிடும். ஆறு மாதம் கழித்துக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். எழுதிய செயல்களில் எத்தனை செய்தோம், எந்தக் கசப்பு குறைந்தது என்பது அப்போது தெரியும். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் தொடருங்கள். உறுதி பையிலேயே இருக்கட்டும். வேதாகமத்தை இன்று மாலை வெளியே எடுங்கள்.