வாய்தா தேதியை நாமே பார்த்துக்கொள்ளலாம்

உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் சகோதரிகளிடம், "ஜீவனாம்ச வழக்கு எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேட்டால், "வக்கீல் குமாஸ்தாவுக்குத்தான் தெரியும்" என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. குமாஸ்தா தேதி சொல்ல மறந்தால் நஷ்டம் அவருக்கு அல்ல. சொத்து, பாகப்பிரிவினை போன்ற சிவில் வழக்குகளில், வழக்குப் போட்டவர் ஆஜராகாவிட்டால் வழக்கு தள்ளுபடியாகலாம். எதிர்த்தரப்பு ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகலாம். அதை ரத்து செய்யக் கோருவதற்குப் பொதுவாக 30 நாட்கள்தான் அவகாசம்; வராததற்குத் தகுந்த காரணமும் காட்ட வேண்டும்.

நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் 'இ-கோர்ட்ஸ்' திட்டம் 2007-ல் தொடங்கியது. அதன் மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ரூ.7,210 கோடி ஒப்புதல் அளித்தது. பழைய கட்டுகளை ஸ்கேன் செய்வது, இணையவழி மனுத்தாக்கல், காணொலி விசாரணை என்று அதில் பல உண்டு. நம் குடும்பங்களுக்கு இன்றே பயன்படுவது ஒன்று: சி.என்.ஆர். எண்.

ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணுமாக 16 இலக்கத்தில் இந்த அடையாளம் தரப்படுகிறது. தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் அது 'டி.என்.' என்று தொடங்கும். கைப்பேசியில் 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' செயலியை இறக்கி இந்த எண்ணை இட்டால், அடுத்த வாய்தா என்று, எந்த நீதிமன்றத்தில், இதுவரை என்ன நடந்தது என்பதெல்லாம் வரும். கட்டணம் கிடையாது. உங்கள் வக்கீலிடம் இந்த எண்ணைக் கேட்டு வாங்கி டைரியில் குறித்து வையுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், வழக்கு உங்களுடையது. வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் செயலியில் பதிவு ஏறத் தாமதமாவதும் உண்டு. ஆகவே முதல் நாள் வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

செயலி வந்ததால் வழக்கு சீக்கிரம் முடிந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். நீதிபதி இடம் காலியாக இருந்தாலோ, சம்மன் சார்வாகாமல் திரும்பினாலோ கணினி என்ன செய்யும்?

சமாதானமாகப் பேசி முடிக்கக்கூடிய வழக்குகளுக்கு லோக் அதாலத் நல்ல வழி. அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதன் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதை எதிர்த்து அப்பீல் கிடையாது. எனவே தொகையும் தவணையும் எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரப்படுத்தினாலும் சரியே.

வக்கீல் வைக்க வசதி இல்லாத சகோதரிகள் கவனிக்க: 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பு இன்றி இலவச வக்கீல் பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம்; 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். மனு எழுதத் தெரியாதவர்கள் சம்மன், ஆதார் நகலுடன் நம் அலுவலகத்துக்கு வந்தால் எழுதித் தருகிறோம்.