அரை விநாடியில் அகப்பட்ட கள்ளச்சாவி

வீட்டுக் கதவுக்குப் பூட்டுப் போடுகிறோம். அந்தப் பூட்டைச் செய்தவரே கள்ளச்சாவியொன்றை வைத்துக்கொண்டால் என்ன செய்வது? 2024 ஆம் ஆண்டில் லினக்ஸ் கணனிகளுக்கு அப்படியொரு ஆபத்து வந்தது.

லினக்ஸ், 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கி வைத்தது. இலவசமானது, அதன் உள்ளமைப்பை எவரும் வாசித்துப் பார்க்கலாம்.

அதில் கோப்புகளைச் சுருக்கிவைக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சிறு கருவி உண்டு. நெடுங்காலமாக ஒருவரே ஊதியமின்றி அதைப் பராமரித்து வந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு வருடங்களுக்கு மேலாகப் பொறுமையுடன் உழைத்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். பின்னர், தொலைவிலிருந்து கணனிக்குள் நுழைய இரகசிய வழியொன்றை அக்கருவியில் செருகிவிட்டார்.

மைக்ரோசொப்ட் பொறியியலாளர் அன்ட்ரெஸ் பிரொயின்ட், கணனிக்குள் நுழைய வழமையைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்தார். அற்ப விடயமென்று விடவில்லை. துருவிப் பார்த்தார். மார்ச் 29 இல் உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலான கணனிகளை அது சென்றடையுமுன்பே தடுக்கப்பட்டது.

உங்கள் வீட்டில் லினக்ஸ் இருக்கிறதா? திருத்தங்கள் புதுப்பித்தல் வழியாகவே வருகின்றன, வந்ததும் தாமதியாதீர்கள். உபுண்டுவில் 'யுஎப்டபிள்யூ' என்ற தடுப்புச்சுவர் உண்டு. ஆனால் நாமே அதை இயக்கிவிட வேண்டும். மடிக்கணனி களவுபோனாலும் குடும்பப் படங்கள் அந்நியர் கண்ணில் படாதிருக்க, லினக்ஸை நிறுவும்போதே 'லக்ஸ்' முறையில் வட்டைப் பூட்டிவிடுங்கள். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் உங்களாலும் திறக்க முடியாது.

கணனி வழமைக்கு மாறாக நடந்தால், பிள்ளைகள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். அரை விநாடியும் அலட்சியம் செய்யத்தக்கதல்ல.