கப்பலில் பந்தி

தாம்பரத்துக் கல்யாணத்தில் இடமில்லாவிட்டால் அடுத்த பந்திக்குக் காத்திருப்போம். உல்லாசக் கப்பலிலும் பந்திதான்! 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணம் தொடங்கிய ‘எம்பிரஸ்’ கப்பலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செல்லலாம். இத்தனை பேரும் ஒரே வேளையில் அமர உணவுக்கூடம் போதுமா? ஆகவே பல கப்பல்களில் மேசையையும் நேரத்தையும் முன்பதிவு செய்கிறார்கள்.

பலர் கூடி உண்ணும் இடத்தில் நோரோ வைரஸ் எளிதில் பரவும். 1968-இல் அமெரிக்காவின் நார்வாக் நகரப் பள்ளி ஒன்றில் வாந்தி, வயிற்றுப்போக்கைப் பரப்பியதால் இப்பெயர் வந்தது. நூற்றுக்கும் குறைவான வைரஸ் துகள்களே நோயுண்டாக்கப் போதும். இதற்குக் கொழுப்பு உறை கிடையாது. எனவே ஆல்கஹால் கிருமிநாசினி இதை எளிதில் அழிப்பதில்லை. சோப்பு வைரஸைக் கையிலிருந்து பெயர்க்கிறது. ஓடும் நீர் அடித்துச் செல்கிறது.

கப்பலோ, கல்யாணமோ, பந்தியில் அமருமுன் 20 விநாடி சோப்பிட்டுக் கை கழுவுங்கள்!